கதிரை பிடித்த மூன்று கிழமை

இந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். தேத்தண்ணி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள், இங்கே எல்லாக் கதையும் அங்கேதான் அவிழும். “எங்களை ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி வாங்க வந்தது. எல்லாம் முடியிற நேரத்தில ஒரு அக்கா கெடுத்துப்போட்டா.” அந்த அக்கா நான்தான். இப்போது வேலையில் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, வாய் வலிக்கவில்லை. ஆகவே புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை நானே எழுதிவிடுகிறேன். உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் கதையில் ஒரு ஆளை விட்டுவிட்டார்கள். அவர் பெயர் அன்ரன்.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதை வாங்கிப் படிக்கப்போகும் உங்கள் அம்மாக்களுக்காக ஒரு வரி: மற்றக் கம்பெனிகளின் கணினிகளுக்குள் கள்ளர் நுழைகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது, நுழைந்துவிட்டால் எந்தக் கதவால் வந்தார்கள் என்று கண்டுபிடிப்பது. நான் கண்காணிப்பு அறைக்குத் தலைவி. என் காலத்தில் எல்லாருமாக நாற்பது பேர். இரயில் போனால் திரைகள் நடுங்கும், கடற்காற்றில் ஏசி மெஷின் வருடத்துக்கொரு முறை துருப்பிடித்துச் சாகும். அந்த அறையில் இருந்துகொண்டு துறைமுகத்தையும் புறக்கோட்டைச் சந்தையையும் நாங்கள்தான் காக்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

எங்கள் பொஸ் மருதானையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர். ஒற்றை அறையில் ஆரம்பித்த கம்பெனியை அவர் பிள்ளை மாதிரி வளர்த்தார். பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் கியூவில் நின்ற அந்தக் காலத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. கிழமைக்கொரு பிள்ளை ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நிற்கும், கையில் விசா. ஒருநாள் அவர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: “மிஸ், ஒரு பெரிய இடம் நம்மள வாங்க யோசிக்கிறாங்க. வாங்கினா இந்தப் புள்ளைகள் இங்கேயே இருந்து உலக வேலை செய்யலாம். இல்லாட்டி இன்னும் ரெண்டு வருஷத்துல நானும் நீங்களும்தான் மிச்சம்.” அவர் மிகைப்படுத்தவில்லை. அந்த விற்பனையில் நாற்பது வீடுகளின் சோறு இருந்தது. இதை மறக்காமல் மற்றதைப் படியுங்கள்.

விஷயம் பரம இரகசியம் என்று எல்லாரும் கையெழுத்து வைத்தோம். வாங்க வந்தவர்கள் முதல்தடவை நேரில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பகல் சாப்பாட்டுக்குச் சைவக் கடையில் சொல்லும்போது நான்தான், “வெளிநாட்டு ஆக்கள், உறைப்பைக் குறைச்சுப் போடுங்கோ” என்றேன். பின்னேரம் மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு மாமி கேட்டா: “என்ன பிள்ளை, உங்கட கம்பெனியை வெள்ளைக்காரர் வாங்கிறாங்களாம்?” ஊர் இரகசியத்தையெல்லாம் காக்கிற கம்பெனியின் இரகசியம் ஒரு சோற்றுப் பார்சலில் போய்விட்டது. அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பிறகு சிரிக்க அதிகம் இருக்கவில்லை.

விற்பனைக்காக நாங்கள் தயாரித்த கோப்பில் எங்கள் திறமைக்குச் சாட்சியாக ஒரு சம்பவம் இருந்தது. அதை விசாரித்ததும் எழுதியதும் நான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் யாரோ ஒரு கள்ள ஈமெயிலைத் திறந்து, உள்ளே கள்ளர் புகுந்து, எல்லா ஆவணங்களையும் பூட்டிவிட்டார்கள். கன்டெய்னர்கள் துறைமுகத்தில் நாள்கணக்காக நின்றன. எங்களைக் கூப்பிட்டார்கள். அரை நாளில் கதவைக் கண்டுபிடித்தேன். அந்த ஈமெயில் காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குத் திறக்கப்பட்டிருந்தது. திறந்தது அன்ரன் என்ற கிளார்க்கின் கணினி, அவருடைய கடவுச்சொல். வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்து வைக்கும் வரவுப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

அன்ரனை ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு எனக்கு முன்னால் இருத்தினார்கள். நாற்பது வயது தாண்டிய மனிதர், கொட்டாஞ்சேனைக்காரர், அந்தக் கம்பெனியிலேயே முடி நரைத்தவர். ஷேர்ட் கையை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தார்.

“அன்னக்கி நான் ஆபிஸ்ல இருக்கல்ல மிஸ்” என்றார்.

“கையெழுத்து இருக்கு. உங்கட பாஸ்வேர்டால உள்ளுக்குப் போயிருக்கு. நீங்கள் இல்லையெண்டால் அப்ப ஆர் இருந்தது?”

அவர் நிலத்தைப் பார்த்தார்.

“சொல்லுங்கோ. ஆர் இருந்தது?”

தலை குனிந்தே இருந்தது. நான் நேரத்தைப் பார்த்தேன். அடுத்த அறையில் முதலாளிமார் எனக்காகக் காத்திருந்தார்கள்.

“பதிவு பொய் சொல்லாது, அன்ரன்” என்றேன்.

அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன். கவனயீனமாகத் திறந்தார் என்று ஒன்று. விசாரணையில் பொய் சொன்னார் என்று மற்றது. முதல் வரியோடு நிறுத்தியிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். இரண்டாவது வரிக்காகத்தான் அவரை வேலையால் நிறுத்தினார்கள். நான் அன்று பின்னேரம் பொஸ்ஸோடு ஐஸ்கிறீம் குடித்தேன், கேஸ் சுத்தமாக முடிந்த சந்தோஷத்தில்.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் வேலை பழகியது கோட்டையில் ஒரு வங்கியின் கணினி அறையில். என் கணவர் திடீரென்று மாரடைப்பில் போனபோது எனக்கு முப்பத்தொரு வயது. லீவு ஒரு கிழமை தந்தார்கள். செத்தவீட்டுத் துடக்குக் கழியும் வரைக்கும், ஒரு மாதம், நான் போகவில்லை, போகும் நிலையில் இல்லை. திரும்பிப் போனபோது வரவுப் புத்தகத்தில் எல்லா நாளும் என் கையெழுத்து இருந்தது. என் மேற்பார்வையாளர் ஒரு வயதான மனிதர், யாரோடும் சிரிக்காதவர். அவர்தான் என் கையெழுத்தைப் பழகிப் போட்டிருந்தார். என் வேலையையும் தானே செய்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. நான் நன்றி சொல்லப் போனபோது, “போய் வேலையைப் பாரும்” என்றார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் செய்த ஆகப்பெரிய உதவி அது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் சிக்கல்.

அந்த உதவியை நான் இந்தக் கண்காணிப்பு அறைக்குக் கொண்டுவந்தேன். வாடிக்கையாளரோடு எழுதிய ஒப்பந்தத்தின்படி எந்த நேரமும் என்னைத் தவிர, பெயர் பதிந்த நான்கு பேர் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் வீட்டில் செத்தவீடு என்றால் என்ன செய்வது? அந்தப் பிள்ளையின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு இன்னொருவர் அதன் பெயரில் வேலை செய்வார். “கதிரை பிடிக்கிறது” என்று சொல்லுவோம். பஸ்ஸில் சால்வையைப் போட்டு இடம் பிடிப்பது போல. கொழும்பில் எத்தனையோ ஆபிஸ்களில் இது நடக்கிறது. ஆனால் ஒருவர் கடவுச்சொல்லை இன்னொருவர் தொடக்கூடாது என்று ஊரெல்லாம் வகுப்பெடுக்கிற எங்கள் கம்பெனியிலும் நடந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

பிரதீபன் என்று ஒரு பிள்ளை. கெட்டிக்காரன், அம்மா அப்பாவுக்கு ஒரே மகன். யாழ்ப்பாணத்தில் அப்பா செத்துப்போனார். கிரியைகள் எல்லாம் அவன்தான் செய்ய வேண்டும். முதல் கிழமை லீவு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் மிச்சம் மூன்று கிழமைக்கு அவனுடைய கதிரையை நான்தான் பிடித்தேன். அவன் அழுதழுது பாஸ்வேர்டைச் சொன்னான், நான் ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மூன்று கிழமையும் என் பெயரிலும் அவன் பெயரிலுமாக மாறி மாறி வேலை செய்தேன். என் மேற்பார்வையாளரின் கடனை அடைக்கிறேன் என்று ஒரு நிறைவு வேறு.

வாங்க வந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. எங்கள் பதிவுகளை மாதக்கணக்காகக் கேட்டு வாங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை திரையில் கூட்டம். அந்தப் பக்கத்தில் ஒரு இளம்பெண், உங்கள் வயதுதான் இருக்கும். மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டாள்.

“பிரதீபன் மூன்று கிழமை தினமும் வேலை செய்ததாகப் பதிவு சொல்கிறது. வாசல் கதவு அட்டையின் பதிவில் அந்த மூன்று கிழமையும் அவர் கட்டடத்துக்குள் வரவே இல்லை. உங்கள் கணக்கு ஒன்று திருடப்பட்டிருக்கிறதா?”

பொஸ் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பிரதீபன் எனக்குப் பக்கத்தில் இருந்தான்.

அவள் நேரே அவனிடம் கேட்டாள். “நீங்கள் இல்லையென்றால், உங்கள் பெயரில் இருந்தது யார்?”

பிரதீபன் தலையைக் குனிந்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் எழுத்தில் பதில் தருகிறோம் என்று பொஸ் சமாளித்து முடித்தார்.

திரை அணைந்ததும் பொஸ் சொன்னார்: “கதவு மெஷின் அந்த மாசம் பழுதுண்டு எழுதுவோம். கடற்காத்துல பழுதாகாத சாமான் இங்க என்ன இருக்கு?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் மறைத்திருக்கலாம், அதுதான் உண்மை. “சரி” என்று சொன்னது நான். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொய்க்கு முதலில் தலையாட்டியவள் நான்தான்.

வெளியே நடையில் பிரதீபன் நின்றான்.

“ஏன் தம்பி ஒண்டும் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“எப்பிடி அக்கா உங்கட பேரைச் சொல்லுறது?” என்றான். “அப்பாவின்ர அந்தியேட்டியைச் செய்ய விட்டது நீங்கள்.”

அவன் கூட்டத்தில் நிலத்தைப் பார்த்த பார்வையை நான் முன்பு ஒரு தரம் பார்த்திருக்கிறேன். எங்கே என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அதே கேள்வி, அதே மாதிரிக் குனிந்த தலை. அன்றைக்குக் கேள்வி கேட்டவள் நான்.

பிள்ளைகளே, பெயர் ஒன்று, கை வேறொன்றாக இருக்கலாம் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். என் மேற்பார்வையாளர் என் கையெழுத்தைப் போட்ட நாளிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டு, ஒரு கொட்டாஞ்சேனை மனிதரிடம் பதிவு பொய் சொல்லாது என்று சொல்லியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்திருந்தது, திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய கோப்பில் விலாசம் இருந்தது. ஒழுங்கைக்குள் படியேறிப் போக வேண்டிய வீடு. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். கதவைத் திறந்தது அன்ரனின் மனைவி. நான் பெயரைச் சொன்னேன்.

“நீங்கதானா அந்த மிஸ்?” என்றா. உள்ளே விட்டா, இருக்கச் சொன்னா. தேத்தண்ணி கேட்கவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் தேத்தண்ணி கேட்காமல் விடுவது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும்.

அன்ரன் உள்ளேயிருந்து வந்தார். மெலிந்திருந்தார். புறக்கோட்டையில் ஒரு வெங்காய மொத்தக் கடையில் பில் எழுதுகிறாராம். பொய் சொன்னவர் என்ற அறிக்கையோடு வேறு எந்த ஆபிஸ் எடுக்கும்? வணக்கம் சொல்லிவிட்டு முன்னால் இருந்தார். அவருக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

“அன்ரன்,” என்றேன், “அண்டைக்கு நீங்கள் எங்க இருந்தனீங்கள்?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அம்மாட முப்பத்தோராம் நாள் பூசை மிஸ். பத்து மணிக்கு. பைபிள்ல முதலாம் வாசகம் நான்தான் வாசிச்சன்.”

பத்து மணி. ஈமெயில் திறந்தது பத்து மணி பத்து நிமிடம். கேட்டேன்: “அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீங்க அதக் கேக்கல்லயே மிஸ். ஆர் இருந்ததெண்டுதான் கேட்டீங்க.” அவர் கைகளைப் பார்த்தபடி சொன்னார். “கப்பல் வாற நாள், லீவு தர ஏலாதெண்டு சொல்லிட்டாங்க. அப்ப ஒரு பிள்ள, நீங்க போங்க, நான் சைன் வச்சு உங்கட வேலயையும் பாக்குறன் எண்டு சொன்னிச்சு. பூசைக்குப் போனன் எண்டு சொன்னா உங்கட அடுத்த கேள்வி அந்தப் பிள்ளதானே? அதுக்குக் கைக்குழந்த மிஸ். எனக்கு உதவி செய்யப் போனதுக்கு அதக் காட்டிக் குடுக்கவா ஏலும்?”

மனைவி கதவடியில் நின்றா. “இவர் அம்மாட பூசையில அழுதழுது வாசிச்சவர்” என்றா. “உங்கட பேப்பர்ல அந்த நேரம் ஆபிஸ்ல இருந்தவர், பொய்யும் சொன்னவர்.”

மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை அந்த அறைக்குள் மிகச் சின்னதாக இருந்தது. அன்ரன் தலையை ஆட்டினார், பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் பிள்ளையத் தேட வேணாம் மிஸ்.” தேட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்திருப்பேன். இன்று வரைக்கும் தேடவில்லை.

அங்கிருந்து நேரே அவர்களுடைய கோயிலுக்குப் போனேன். நம்பாமல் இல்லை. ஒரு தரம் சரிபார்க்காமல் எழுதினது போதும் என்றுதான். கோயில் அலுவலகத்தில் இருந்த வயதானவர் பூசைக்கு எழுதுகிற புத்தகத்தைப் புரட்டினார். அன்ரனின் தாயின் பெயர், முப்பத்தோராம் நாள், காலை பத்து மணி. புத்தகம் அவ்வளவுதான் சொல்லும், அன்ரன் வந்தாரா என்று அதற்குத் தெரியாது. அதனால் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். யோசித்தார்.

“ஓம், மகன்தான் வாசிச்சார். நடுவுல ஏலாமப் போய் நிண்டுட்டார். நாங்க வேற ஆள அனுப்புவமெண்டு பாத்தம். பிறகு அவரே திருப்பி முதலில இருந்து வாசிச்சு முடிச்சார்.”

திங்கட்கிழமை காலை பொஸ்ஸின் மேசையில் ஒரு கடிதம் வைத்தேன். அதில் மூன்று விஷயம். ஒன்று, அந்த மூன்று கிழமை பிரதீபன் இல்லை, அவன் பெயரில் இருந்தது நான். இரண்டு, இந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்ததும் நான். மூன்று, கோப்பில் நாங்கள் பெருமையாக வைத்திருக்கும் ஷிப்பிங் கம்பெனி விசாரணை பிழை, அதை மீளப் பெறுகிறோம்.

பொஸ் இரண்டு தரம் படித்தார்.

“முதலாவத எழுதுங்க மிஸ். ரெண்டாவதயும் எழுதுங்க. மூணாவது எதுக்கு? அவங்க அதக் கேக்கவே இல்லயே.”

“அதை வச்சுத்தானே எங்களை விக்கிறம், பொஸ்.”

“நாப்பது புள்ளைகள், மிஸ். ஒரு ஆளுக்காக.”

“ஓம்.”

“அந்த மனுஷன் உங்கள கோர்ட்டுக்கா இழுக்கப் போறாரு?”

“இல்லை. அந்தாள் ஒண்டும் கேக்கேல்ல. நாங்கள் விக்கிறது ஒண்டே ஒண்டுதான், பொஸ். ஆர், எப்ப, என்ன செய்தது எண்டு எங்கட வாயால வந்தால் அது உண்மை எண்டது. அது எங்களிட்ட இல்லை. இல்லாததை எப்பிடி விக்கிறது?”

அவர் கோபப்பட்டார். நான் அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டிராத வார்த்தைகளைக் கேட்டேன். எனக்கு யாரும் இல்லை, ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான், நல்லவள் பட்டம் வாங்க எனக்கு வசதி இருக்கிறது என்றார். அதில் உண்மை இருந்தபடியால் வலித்தது. பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். கடிதம் மேசையிலேயே கிடந்தது. நான் அந்த அறையிலேயே இருந்தேன், போக இடம் தெரியவில்லை. அவர் திரும்பி வந்து, தொழுகைக்காகக் கழுவிய முகத்தில் ஈரம் காயும் முன்னமே பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு வேலையைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை.

பெரிய கம்பெனி இரண்டு கிழமை கழித்து நாலு வரியில் பதில் போட்டது. எங்கள் வெளிப்படையான பதிலுக்கு நன்றி, இப்போதைக்கு மேற்கொண்டு போகவில்லை. அவர்கள் வேறு காரணத்துக்காகவும் விலகியிருக்கலாம் என்று பின்னர் சிலர் என்னைத் தேற்றினார்கள். நான் அதை நம்புவதில்லை. கடிதத்தைப் படித்தார்கள், விலகினார்கள். நானாக இருந்தாலும் விலகியிருப்பேன்.

அந்த வருடத்துக்குள் பதினொரு பேர் போனார்கள். பிரதீபனும் கனடாவுக்குப் போனான். அந்த விற்பனையை நம்பி வெள்ளவத்தையில் வீட்டுக்கு முற்பணம் கட்டியிருந்த ஒரு பிள்ளை என்னைக் கடையில் கண்டால் இன்றைக்கும் மற்றப் பக்கம் திரும்பிப் போகும். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்தது சரி என்று எல்லாரும் ஒருநாள் ஒப்புக்கொள்வார்கள் என்று நான் காத்திருக்கவில்லை. நாற்பது பேருக்கு நட்டம் வந்தது, அது என் கையால் வந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கம்பெனி சாகவில்லை. சிறுத்தது, நின்றது. அதனால்தான் நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். இப்போது ஒரு பிள்ளையின் வீட்டில் செத்தவீடு என்றால், நம் வீட்டில் துக்கம், இந்தக் கிழமை மூன்று பேர்தான் பார்க்கிறோம் என்று வாடிக்கையாளருக்கு எழுதுகிறோம். முதல் தரம் அப்படி எழுதியது நான்தான். ஒரு வாடிக்கையாளர் மலர்வளையம் அனுப்பினார். மற்றவர்கள் சரி என்று பதில் போட்டார்கள். இத்தனை வருடமும் நாங்கள் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை, களவாகச் செய்தோம், அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தோம்.

நாளைக்கு உங்களுக்கு முன்னாலும் ஒருவரை இருத்துவார்கள். உங்கள் கையில் பதிவு இருக்கும், நேரம் இருக்கும், பெயர் இருக்கும், அடுத்த அறையில் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். யார் செய்தது என்று கேட்க வாய் உன்னும். அதற்கு முதல் அந்த மனிதரிடம், அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, எழும்பிப் போய்ப் பாருங்கள். பதிவு சொல்வது பெயரைத்தான், ஆளை அல்ல.

அந்த நாட்களிலேயே அன்ரனுக்கு, பழைய அறிக்கையை மீளப் பெறும் ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் பிரதியை ஷிப்பிங் கம்பெனிக்கும் அனுப்பினோம். அவர்கள் பெற்றுக்கொண்டதாக எழுதினார்கள், திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன் என்றார் அன்ரன். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, கடிதத்தை நான் தமிழில் எழுதியிருந்தேன். பொஸ்ஸும் நானும் கையெழுத்து வைத்திருந்தோம். கதவடியில் மனைவி நின்றா, உள்ளே போகவில்லை.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் மனதுக்குள் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. பிறகு எழும்பி நின்று, மனைவிக்குக் கேட்கிற மாதிரி, அந்த வரியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

“அன்று காலை பத்து மணிக்கு அன்ரன் அலுவலகத்தில் இருக்கவில்லை. அவர் தம் தாயாரின்…”

நடுவில் நின்றுவிட்டார். நான் எழும்பப் பார்த்தேன். மனைவி கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு முதலிலிருந்து வாசித்தார்.